ரம்பத்துக்கு ஒரு மேடை



வங்கியில் பேரேடு எழுதின கைக்கு ரம்பம் எதுக்குன்னு நீங்க கேக்கலாம். தேக்கு மரங்களை மலைச்சரிவில் வழுக்கிவிட்டதால் டாப்சிலிப் என்று பெயர் வந்த இடம் நம்ம பக்கத்தில்தானே இருக்குது? மர ஆசை இந்த ஊருக்குப் புதுசில்லைங்க.

ஓய்வு பெற்றதும் மலிவு விலையில் ஒரு டேபிள் சா வாங்கி, ஸ்டூல் மேல் வைத்து அறுத்தேன். நீளப் பலகையின் மறுமுனை தாங்க ஆளில்லாமல் சரிந்தது. பிளேடு அதைக் கவ்வி என் வயிற்றில் எறிந்தது. விரல் தப்பியது என் நல்ல நேரம்.

பிறகு 19 மி.மீ. பிளைவுட்டில் அகலமாக ஒரு மேடை செய்தேன். மெஷினை போல்ட் போட்டு இறுக்கினேன். மெஷினுக்கு அடியில் மரத்தூள் விழ ஓட்டை விட்டு, கீழே பெட்டி வைத்தேன். பின்பக்கம் 2 அடிக்குத் தாங்கு பலகை. அது மெஷின் மட்டத்துக்கு மேலே நின்றால் மரம் முட்டி நிற்கும். அதனால் அரை நூல் இறக்கினேன்.

நீங்களும் செய்வதென்றால் சில விஷயங்கள்: பக்கச் சட்டம் பிளேடுக்கு நேர் இணையாக இருக்கணும். பிளேடு மூடியையும், பின்னாலுள்ள பிளவுத் தகட்டையும் கழற்றாதீங்க. குறுகிய துண்டைக் குச்சியால் தள்ளுங்க. கண்ணாடி அவசியம், கையுறையும் தோள்துண்டும் கூடாது. மதியத் தூக்க நேரத்தில் மெஷினைப் போடவே வேண்டாம்.

பேரேட்டில் பிழை வந்தால் அடித்து எழுதலாம். விரலுக்கு அந்த வசதி இல்லைங்க.