கேட்டவர்களுக்கும் பொறுப்பு உண்டு

 

பொன்விழா மேடையில் மகிழ்ச்சியானதைப் பேசத்தான் எங்களுக்கும் ஆசை. ஆனால் நம் பெண் பிள்ளைகளின் கைப்பேசிக்குள் நடப்பதைப் பேசாமல் இறங்க மனம் வரவில்லை.

2020 மே மாதம், இதே பினாங்கு மாநிலத்தில் 20 வயதுப் பெண் ஒருவரை இழந்தோம். உடன் வேலை செய்தவரோடு அவர் எடுத்த டிக்டாக் காணொளியை முகநூலில் பரப்பி, வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். 2024 ஜூலை 5ஆம் நாள் கோலாலம்பூரில் ஏஷா என்று பலரும் அறிந்த ராஜேஸ்வரியை இழந்தோம். முதல் நாள்தான் அவர் போலீசில் புகார் கொடுத்திருந்தார்.

ஏஷா வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒரு பெண்ணுக்குக் கிடைத்த தண்டனை 100 வெள்ளி அபராதம். 1955ஆம் ஆண்டின் சிறு குற்றச் சட்டத்தில் அதற்கு மேல் இடமில்லை. நாடே கொதித்தது. தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டு 2025 ஜூலை 11 முதல் நடப்புக்கு வந்தது. வேண்டுமென்றே ஏசி, மிரட்டித் துன்புறுத்தினால் 3 ஆண்டுவரை சிறை. அந்தத் தூண்டுதலால் ஓர் உயிர் போனால் 10 ஆண்டுவரை.

ஏசியவரைச் சட்டம் பிடிக்கும். கேட்டுச் சிரித்தவரை, அடுத்தவருக்கு அனுப்பியவரை யார் பிடிப்பது?

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்மீது அவதூறு கிளம்பியபோது, கட்டிவிட்டவர்கள் சிலர்தான். வாய்க்கு வாய் கடத்தியவர்கள் வேறு. கேட்ட உடனேயே நல்லெண்ணம் கொள்ளாததற்காக அந்நூர் அத்தியாயம் கேட்டவர்களையும் கண்டித்தது. கேலி செய்யாதீர்கள், பட்டப்பெயர் சூட்டாதீர்கள் என்று ஹுஜுராத் அத்தியாயம் ஆண்களையும் பெண்களையும் தனித்தனியே எச்சரித்தது.

வியாபாரிகளான நாங்களும் குற்றமற்றவர்கள் அல்ல. கடை அடைக்கும் நேரத்தில் புலனக் குழுவில் ஒரு பெண்ணின் படம் வந்தது. கீழே அசிங்கமான வரி. சிலர் சிரித்தார்கள். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. யார் வீட்டுப் பிள்ளையோ என்று இருந்துவிட்டோம். தெரிந்த வீட்டுப் பிள்ளை என்று பிறகுதான் தெரிந்தது. அவள் வகுப்புக்குப் போவதையே நிறுத்தியிருந்தாள். அந்த வெட்கம் இன்னும் எங்களை விடவில்லை.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். மகள் அழுதுகொண்டு வந்தால், "நீ ஏன் படம் போட்டாய்?" என்று தொடங்காதீர்கள். கைப்பேசியைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் அடுத்த முறை அவள் உங்களிடம் வரவே மாட்டாள். முதலில் உட்காரவைத்துக் கேளுங்கள். ஏசியதை அழிக்காமல் திரைப்படம் பிடித்து வையுங்கள். தேதியும் கணக்கின் பெயரும் தெரியட்டும். பதிலுக்கு ஏசாதீர்கள். போலீஸ் நிலையத்துக்கு அவளைத் தனியே அனுப்பாமல் கூடவே போங்கள். மனம் தளர்ந்திருந்தால் 15999 என்ற தாலியான் காசே எண்ணை அழைக்கலாம்.

மகன்களிடமும் பேசுங்கள். அக்கா தங்கையிடம் சொல்லக் கூசும் வார்த்தையை எந்தப் பெண்ணுக்கும் எழுதக் கூடாது என்று அத்தாமார்களே சொல்ல வேண்டும்.

ஐம்பது ஆண்டாக மையித்துக்கும் நிக்காஹுக்கும் ஒன்றாக நின்ற சங்கம் இது. ஒரு பிள்ளை இழிவுபடுத்தப்படும் நேரத்திலும் நாம் அவள் பக்கம் நிற்போம். அடுத்த படம் நம் குழுவில் வரும்போது, "இதை நீக்குங்கள்" என்ற முதல் குரல் நம்முடையதாக இருக்கட்டும்.