பூம்பாறைத் தேருக்கு இரண்டு வடம்



கொடைக்கானல்னு சொன்னதும் ஏரியும் படகும்தான் நம்ம நினைவுக்கு வரும். அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர் போனால் பூம்பாறை. சாலையோரம் வண்டியை நிறுத்தி, கீழே தெரியும் படிக்கட்டு வயல்களைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். இன்று ஊருக்குள்ளேயே இறங்கிப் பார்ப்போம், வாங்க.

ஊருக்குள் குழந்தை வேலப்பர் கோயில். நவபாஷாணச் சிலையைப் போகர் சித்தர் செய்தார் என்பது ஊர் நம்பிக்கை. 15-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அருணகிரிநாதர் இந்த முருகனைத் திருப்புகழில் பாடியிருக்கிறார். அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் குடியேறியது 1845-இல்தான். அதற்கு ஏறக்குறைய 400 ஆண்டுகள் முன்பே பாட்டில் இடம்பிடித்த ஊர் இது!

தேர்த் திருவிழாவில் ஒரு விசேஷம் உண்டு. தேருக்கு முன்னாலும் வடம், பின்னாலும் வடம். மலைச்சரிவு அல்லவா? முன்னால் இருப்பவர்கள் இழுப்பார்கள். தேர் உருண்டுவிடாமல் பின்னால் இருப்பவர்கள் பிடித்துக்கொள்வார்கள்.

அந்தப் படிக்கட்டு வயல்களில் விளைவதுதான் மலைப்பூண்டு. காரமும் மணமும் அதிகம். நன்றாகக் காயவைத்தால் மாதக்கணக்கில் கெடாது. 2019-இல் 'கொடைக்கானல் மலைப்பூண்டு' புவிசார் குறியீடு பெற்றது. வேறு ஊர்ப் பூண்டை இந்தப் பெயரில் விற்கக் கூடாது என்பதற்கான சட்டப் பாதுகாப்பு இது. பயிரிடும் விவசாயிகள், சென்னையிலுள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' ஆகப் பதிவு செய்துகொள்ளலாம். வாங்கும் நாமும், "எந்த ஊர்ப் பூண்டு அண்ணே?" என்று ஒரு வார்த்தை கேட்கலாமே!

மலைக்குக் கிளம்பும் முன் இன்னொரு விஷயம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, 2024 மே 7 முதல் கொடைக்கானல் செல்லும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும். அரசின் இ-பாஸ் தளத்தில் வண்டி எண், பயணிகள் எண்ணிக்கை, தங்கும் நாட்கள், தங்குமிடம் ஆகியவற்றைக் கொடுத்தால் போதும், கட்டணம் கிடையாது. அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இது தேவையில்லை.

"எதுக்கு இவ்வளவு கெடுபிடி?" என்று தோணலாம். சுற்றுலா வந்தால் ஊருக்கு வருமானம், அது முன்வடம். இ-பாஸும் புவிசார் குறியீடும் பின்வடம். வெறுமனே முன்னால் மட்டும் இழுத்தால் சரிவில் தேர் என்ன ஆகும் என்பது பூம்பாறைக்காரர்களுக்கு நல்லாவே தெரியும்.

அடுத்த முறை போகும்போது, நீங்களும் பின்வடத்தில் ஒரு கை கொடுங்க.