எட்டு மணி நேர வேலை யார் கொடுத்தது?

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)

 

இன்று காலையில் வில்லியனூர் பக்கமிருந்து ரயிலில் வந்தவங்க கொஞ்சம் கையைத் தூக்குங்க. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் நீங்க கால் வைத்த ரோட்டுக்கு என்ன பேர்? சுப்பையா சாலை. யார் அந்த சுப்பையா? "யாரோ பெரிய தலைவருங்க" என்று சொல்கிறோம். அதற்கு மேல் நமக்குத் தெரிவதில்லை. இன்றைக்கு அதைத்தான் பேசப் போகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். அவர் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர். நாம் இங்கே யாருக்கும் ஓட்டுக் கேட்க வரவில்லை. நம் குழுவில் எல்லாக் கட்சிக் குடும்பமும் இருக்கிறது. ஆனால் அவர் வாங்கிக் கொடுத்த பலன் எல்லாக் கட்சி வீட்டுக்கும் வந்திருக்கிறது. அதனால் தெரிந்துகொள்வது நல்லது.

வ. சுப்பையா 1911 பிப்ரவரி 7-ஆம் தேதி பிறந்தவர். அப்போது புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. இளம் வயதிலேயே வாலிபர்களைச் சேர்த்துக்கொண்டு, தாழ்த்தப்பட்ட மக்களுக்கான சேவையில் இறங்கினார். 1934-ல் காந்தியடிகள் புதுச்சேரிக்கு வந்தார். அதே வருடம் சுப்பையா 'சுதந்திரம்' என்ற பத்திரிகையை ஆரம்பித்தார்.

அந்தக் காலத்தில் நம் ஊருக்குப் பிழைப்பே பஞ்சாலைதான். சவானா மில், ரோடியர் மில் என்று பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்போம். சவானாதான் பிறகு சுதேசி மில் ஆனது. ரோடியர் மில் ஏ.எஃப்.டி. ஆனது. விடியும் முன்னே உள்ளே போனால் இருட்டிய பிறகுதான் வெளியே வரணும். நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை. ஆண், பெண், சின்னப் பிள்ளை எல்லோருக்கும் இதே கதிதான். சங்கம் வைக்க உரிமை கிடையாது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். 1936-ல் பிரான்ஸ் நாட்டில் தொழிலாளருக்கு வாரம் 40 மணி நேர வேலை என்று சட்டம் போட்டார்கள். ஆட்சி ஒன்றுதான். அங்கே ஒரு நியாயம், இங்கே ஒரு நியாயம். இதைத்தான் சுப்பையாவும் தொழிலாளர்களும் கேட்டார்கள்.

1936 ஜூலை 30. சவானா மில் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். போலீசும் சிப்பாய்களும் துப்பாக்கியால் சுட்டார்கள். 12 தொழிலாளர்கள் செத்தார்கள். அந்த வீட்டுப் பெண்களை நினைத்துப் பாருங்கள். காலையில் சோறு கட்டிக் கொடுத்து அனுப்பியவங்க சாயந்திரம் என்ன செய்திருப்பார்கள்? இன்றும் ஒவ்வொரு வருடமும் ஜூலை 30-ல் தியாகிகளுக்கு அஞ்சலி செலுத்துகிறார்கள்.

சுப்பையா அதோடு விடவில்லை. நேருவின் யோசனைப்படி 1937-ல் பாரிசுக்கே போய்ப் பேசினார். அந்த வருடமே பிரெஞ்சிந்தியாவுக்குத் தொழிலாளர் சட்டம் வந்தது. நாளுக்கு 8 மணி நேர வேலை, சங்கம் வைக்கும் உரிமை இரண்டும் கிடைத்தன. ஆசியாவிலேயே இதுதான் முதல் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள்.

பிறகு சிறை, ஊரை விட்டு வெளியேற்றம், தலைமறைவு என்று பல வருடங்கள் போயின. துணைவியார் சரஸ்வதி சுப்பையாவும் போராட்டத்தில் நின்றவர். இதே பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்த வியட்நாமின் ஹோ சி மின் 1945-ல் நாட்டுக்கே ஜனாதிபதி ஆனார். நம் சுப்பையா ஜனாதிபதி ஆகவில்லை. 1954 அக்டோபர் 18-ஆம் தேதி கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் ஓட்டுப் போட்டார்கள். 170 பேர் இந்தியாவோடு சேரச் சம்மதித்தார்கள். நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறியது. சுப்பையா சட்டசபையில் இருந்தார், 1969-ல் அமைந்த கூட்டணி ஆட்சியில் அமைச்சராகவும் இருந்தார். 1993-ல் காலமானார்.

சரி, இந்தக் கதை நமக்கு எதுக்கு? இப்போது நம் கதைக்கு வருவோம்.

நம் குழுக்களில் ஒன்று. ஊர் பெயர் வேண்டாம். அதில் ஏழு பேர் ஒரு கம்பெனிக்கு ஒப்பந்த வேலைக்குப் போகிறார்கள். காலை 7 மணிக்கு வேன் ஏறினால் இரவு 8 மணிக்கு வீடு. கூடுதல் நேரத்துக்குக் கூலி இல்லை. குழுக் கூட்டத்தில் அழுதுகொண்டே சொன்னார்கள். "மனு எழுதலாமா?" என்று எங்களைக் கேட்டார்கள். நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? "வேலை போயிட்டா வங்கிக் கடன் தவணை எப்படிக் கட்டுவீங்க? கொஞ்சம் பொறுங்க." சமூகப்பணி படித்த நாங்கள் சொன்ன வார்த்தை இது. அன்றைக்கு அது புத்திசாலித்தனம் மாதிரி தெரிந்தது. சுப்பையா வரலாற்றைப் படித்தபோது வெட்கமாக இருந்தது. தவணைக்குப் பயந்து, 12 பேர் உயிர் கொடுத்து வாங்கியதை நாங்களே திருப்பிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறோம்.

போன மாதம் அந்தக் குழுவிடம் போய் இதைச் சொன்னோம். ஒரு அக்கா உடனே சொன்னார்: "முதல் கையெழுத்து யார் போடறதுன்னுதானே பயம்? வட்டமாப் போடுவோம். வட்டத்துக்கு ஏது முதல், ஏது கடைசி?" ஏழு பேரும் வட்டமாகக் கையெழுத்துப் போட்டு, தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை. வந்ததும் இதே பக்கத்தில் சொல்கிறோம்.

உரிமை ஒருமுறை கிடைத்தால் போதாது. 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்ததால் மே 1-ல் அதைத் திரும்பப் பெற்றார்கள். பேசியதால்தான் நின்றது.

சகோதரிகளே, மூன்று காரியம் செய்வோம்.

1. கம்பெனி வேலைக்குப் போகும் உறுப்பினர்கள் உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம் இரண்டையும் தினமும் ஒரு நோட்டில் எழுதுங்கள். நம் சேமிப்புக் கணக்கு எழுதுவது போலத்தான்.

2. வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் இரட்டைக் கூலி தரணும் என்பது சட்டம். இதை ஒவ்வொரு குழுக் கூட்டத்திலும் படித்துக் காட்டுங்கள்.

3. மனு கொடுக்கும் குழுவில் யாருக்காவது வேலை போனால், அந்தத் தவணைக்குக் கூட்டமைப்பு நிதியிலிருந்து உதவலாமா என்று இன்றே பேசித் தீர்மானப் புத்தகத்தில் எழுதுவோம்.

மூன்றாவதுதான் முக்கியம். பின்னால் ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் பயம் பாதி போகும். இன்று சாயந்திரம் ஸ்டேஷனுக்குத் திரும்பும்போது அந்தச் சாலைப் பெயரை ஒரு தடவை நின்று படித்துவிட்டுப் போங்கள்.