சேமஅச்சும் ஸ்டெப்னியும்: சக்கரமும் குழாயும் பெயர் பெற்ற கதை



சில ஆண்டுகளுக்கு முன், பினாங்கைச் சேர்ந்த என் மாணவர் ஒருவரோடு தமிழகத்தில் பயணம் மேற்கொண்டிருந்தேன். திருச்சிக்கு அப்பால் எங்கள் வாடகைக் காரின் சக்கரம் ஒன்றில் காற்று இறங்கிவிட்டது. ஓட்டுநர் பதறவில்லை. "ஸ்டெப்னி இருக்குங்க ஐயா, அஞ்சு நிமிஷத்துல மாத்திடலாம்" என்றார். மாணவர் என் முகத்தைப் பார்த்தார். நம் ஊரில் 'ஸ்பேர் டயர்' என்று மட்டுமே கேட்டுப் பழகியவர் அவர். "ஐயா, ஸ்டெப்னி என்பது தமிழா, ஆங்கிலமா?" என்று கேட்டார். அச்சொல்லின் பொருளை நான் அறிவேன். அதன் பிறப்பை அன்று அறியேன். மொழியியல் கற்பித்தே வாழ்நாளைக் கழித்த ஒருவன் சாலையோரத்தில் விடையின்றி நின்றான். அக்கேள்விக்கான என் காலம் தாழ்ந்த விடையே இன்றைய உரை.

ஒரு தெருவின் பெயர்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் ஊர்திகள் மாற்றுச் சக்கரம் இல்லாமலேயே விற்கப்பட்டன. சாலைகளில் குதிரை இலாடத்தின் ஆணிகள் நிறையக் கிடந்தன. டயரில் ஆணி தைத்தால், வழியிலேயே டயரைக் கழற்றி, உள்ளிருக்கும் டியூப்பை வெளியே எடுத்து, ஒட்டுப் போட்டு, மீண்டும் காற்றடித்த பிறகே புறப்பட முடியும். மழையிலும் இருளிலும் அது எத்தகைய வேலையாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

1904ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டின் இலானெல்லி நகரத்துத் தாமஸ் டேவிஸ், வால்டர் டேவிஸ் என்னும் உடன்பிறந்தோர் இதற்கு ஒரு வழி கண்டனர். ஆரக்கால்கள் இல்லாத ஒரு வளையம். அதன்மேல் முன்பே காற்றடைத்த டயர். பழுதான சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை. இவ்வளையத்தை அதன் பக்கவாட்டில் வைத்துப் பற்றுக்கருவிகளால் முடுக்கிவிட்டால் ஊர்தி தொடர்ந்து ஓடும். இதற்குக் காப்புரிமையும் பெற்று உலகெங்கும் விற்றனர். அவர்களின் கடை இருந்தது ஸ்டெப்னி தெருவில். அத்தெருவின் பெயரே பொருளின் பெயராயிற்று.

பின்னர்ச் சக்கரம் முழுவதையும் எளிதில் கழற்றி மாட்டும் முறை வந்தது. ஸ்டெப்னி வளையம் வழக்கொழிந்தது. ஆங்கிலேயர் அச்சொல்லை மறந்தனர். ஆயினும் இந்தியாவில் அது இன்றளவும் வாழ்கிறது. பிரேசில் நாட்டுப் போர்த்துக்கீசிய மொழியில் 'எஸ்தெப்பே' என்ற வடிவில் வழங்குகிறது. பிறந்த வீட்டில் மறைந்த சொல், புகுந்த வீடுகளில் நிலைத்துவிட்டது.

மாணவர்களே, இங்கு நிகழ்ந்ததற்கு நம் இலக்கணத்தில் பெயர் உண்டு. நீங்கள் வகுப்பில் படிக்கும் ஆகுபெயர்தான் அது. தெருவின் பெயர் அங்கே விற்ற பொருளுக்கு ஆகி வந்ததால் இடவாகுபெயர். 1892இல் ருடால்ஃப் டீசல் ஜெர்மனியில் தம் இயந்திரத்திற்குக் காப்புரிமை வேண்டி விண்ணப்பித்தார். இன்று அவர் பெயரைச் சொல்லியே எண்ணெய் நிரப்புகிறோம். அது கருத்தாவாகுபெயர். 'திருவள்ளுவரைப் படித்தேன்' என்னும் பழைய எடுத்துக்காட்டோடு 'டீசல் போட்டேன்' என்பதையும் ஆசிரியர்கள் கரும்பலகையில் எழுதலாம். இலக்கணம் பழைய நூல்களுக்கு மட்டும் உரியதன்று என்பது மாணவர்க்கு உடனே விளங்கும்.

முன்பே இருந்தது என்னும் மயக்கம்

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. புறநானூற்றில் ஔவையார் பாடிய பாடல் ஒன்றில் 'சேமஅச்சு' என்னும் சொல் வருகிறது. உப்பு வணிகராகிய உமணர், மேடும் பள்ளமும் நிறைந்த வழியில் அச்சு முறியக்கூடும் என அஞ்சி, வண்டியின் அடியில் மற்றோர் அச்சினைக் கட்டிச் சென்றனர். வழியில் நேரக்கூடிய பழுதை முன்னறிந்து மாற்று உறுப்பை உடன்கொண்டு செல்லும் சிந்தனை அது. நாம் மகிழத்தக்க செய்தி.

ஆனால், "ஸ்டெப்னியை நாங்கள் அன்றே கண்டுபிடித்துவிட்டோம்" என்று மேடையில் முழங்கினால் அது பிழையாகும். காற்றடைத்த டயர் உமணருக்கு இல்லை. டேவிஸ் உடன்பிறந்தோர் தீர்த்த சிக்கலும் அவர்களுக்கு எழவில்லை. தேவை ஒத்ததாக இருக்கலாம், கருவி வேறு.

'யார் முதலில்' என்பது எத்துணைச் சிக்கலான வினா என்பதற்கு டயரின் வரலாறே சான்று. பெல்ஃபாஸ்ட் நகரக் கால்நடை மருத்துவர் ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் மூன்று சக்கர மிதிவண்டிக்காகக் காற்றடைத்த டயரைச் செய்து 1888இல் காப்புரிமை பெற்றார். இரண்டே ஆண்டுகளில் அவ்வுரிமை செல்லாது என அவருக்குத் தெரிவிக்கப்பட்டது. ஏனெனில் இராபர்ட் வில்லியம் தாம்சன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் 1845ஆம் ஆண்டிலேயே அதே கருத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். தாம்சன் காலத்தில் மிதிவண்டியும் இல்லை, மோட்டார் ஊர்தியும் இல்லை; அவரது கண்டுபிடிப்பு பயனின்றி உறங்கியது. டன்லப் காலத்தில் அதற்குரிய ஊர்தி காத்திருந்தது. கருத்து மட்டும் போதாது. அதைப் பயன்படுத்தும் உலகமும் வேண்டும். சொல்லுக்கும் இதுவே விதி.

டயரும் நம் குடும்பங்களும்

டயரின் கதை நம் வீட்டுக் கதையும் ஆகும். 1877இல் இலண்டன் கியூ தாவரவியல் பூங்காவிலிருந்து 22 இரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. 1888இல் அங்குள்ள தாவரவியல் பூங்காவின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரம் பட்டுப்போகாமல் பால் எடுக்கும் வெட்டுமுறையை உருவாக்கினார். மிதிவண்டியும் மோட்டாரும் பெருகப் பெருக இரப்பரின் தேவை உயர்ந்தது. மலாயாவின் காடுகள் தோட்டங்களாயின. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி அமைக்கப்பட்டது. கங்காணிகள் ஊர் ஊராகச் சென்று ஆள்சேர்த்தனர். நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்கள் முதலில் கண்ட மலாயாக் கரை இந்தப் பினாங்கு. அவர்களுள் பலர் ஜெரஜாக் தீவில் தனித்து வைக்கப்பட்ட பிறகே தோட்டம் சென்றனர். பெல்ஃபாஸ்டில் ஒரு சிறுவனின் மிதிவண்டிக்குச் செய்த டயருக்கும், நம் பாட்டிமார் விடியற்காலையில் தூக்கிய பால்வாளிக்கும் தொடர்பு உண்டு. காப்புரிமை ஏடுகளில் அவர்களின் பெயர் இல்லை. அவர்கள் வழங்கிய சொற்களையேனும் நாம் காக்க வேண்டாமா?

பட்டறையில் பிறந்த சொற்கள்

மாட்டுவண்டிச் சக்கரத்திற்குத் தமிழில் குறையற்ற சொற்றொகுதி இருந்தது. நடுவே குடம், அதிலிருந்து விரியும் ஆரக்கால், அவற்றை இணைக்கும் வட்டை, அதன்மேல் இரும்புப் பட்டா, ஊடே செல்லும் அச்சு, சக்கரம் கழலாமல் தடுக்கும் கடையாணி. ஓர் உறுப்புக்கும் பெயர் இல்லாமல் இல்லை. வள்ளுவர் தேரின் அச்சாணியைக் கொண்டு பெரியதோர் உண்மையை உணர்த்தினார் என்றால், கேட்டவர் அனைவரும் அவ்வுறுப்பை அறிந்திருந்தனர் என்பதே பொருள்.

புதிய ஊர்திகள் வந்தபோது தமிழர் கைவிரித்து நிற்கவில்லை. சிலவற்றைக் கடன் வாங்கினர்: டயர், டியூப், ரிம், செயின். சிலவற்றை உருமாற்றினர். மிதிவண்டியில் காற்று வெளியேறாமல் காக்கும் சிறு இரப்பர்க் குழலைத் தமிழகத்துக் கடைக்காரர் 'வால்டியூப்' என்பர். 'வால்வு' என்னும் ஆங்கிலச் சொல்லின் ஈறு தேய்ந்து, வால்போல் மெலிந்த அக்குழலுக்குத் தமிழ் 'வாலே' பொருத்தமாக அமைந்துவிட்டது. திருகாணியின் சுருள் வரைக்கு 'மரை' என்று பெயர். 'மரை கழன்றவன்' என்று ஒருவரை நாம் கேலி செய்யும்போது பட்டறைத் தமிழையே பேசுகிறோம்.

கடன் வாங்குவது இழிவன்று. மொழிகள் எல்லாம் அவ்வாறே வளர்ந்தன. மலாய் மொழியின் 'கெரேத்தா' போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்தது; அதே சொல்லே இலங்கைத் தமிழில் 'கரத்தை' என வண்டியைக் குறிக்கிறது. கிணற்றில் நீர் இறைக்க நாம் பயன்படுத்திய 'கப்பி' மலாயில் 'காப்பி' எனப் புகுந்து இன்றும் உருளையைக் குறிக்கிறது. கொடுத்தும் கொண்டும் வாழ்ந்த துறைமுகத்தில் நாம் இருக்கிறோம்.

குழாயில் ஒரு குறை

எனினும் நம் குறையையும் சொல்ல வேண்டும். 1845ஆம் ஆண்டு, தாம்சன் டயருக்குக் காப்புரிமை பெற்ற அதே ஆண்டில், இங்கிலாந்தின் இராதர்ஹாம் நகரில் கெஸ்ட், கிரைம்ஸ் நிறுவனத்தார் திருகி மூடும் குழாய்க்குக் காப்புரிமை பெற்றனர். இன்றும் பல வீடுகளில் உள்ளது அம்முறையே. இருபதாம் நூற்றாண்டில் நகர வீடுகளுக்குள் குழாய்நீர் பரவியபோது இதுவும் உடன் சென்றது. பினாங்கில் அருவிநீர் நகருக்கு வரும் மலையடிவாரத்தைத் தண்ணீர்மலை என்று நம்மவர் அழகாகப் பெயரிட்டனர். ஆனால் அந்நீர் வீட்டுக்குள் வந்து விழும் கருவிக்குத் தனிப்பெயர் நிலைக்கவில்லை. மண்ணுக்குள் பதிப்பதும் குழாய். கையால் திறப்பதும் குழாய். பேச்சிலோ இரண்டும் பைப்பு. 'குழாய் உடைந்துவிட்டது' என்றால் எது உடைந்தது? பழுதுபார்க்க வருபவர் நேரில் கண்டே அறிய வேண்டியுள்ளது. 'திருகுக்குழாய்' என்னும் நல்ல சொல் நம்மிடம் உண்டு. நாம் அதைப் பயன்படுத்துவதில்லை.

இதற்கு எதிரான எடுத்துக்காட்டு ஒன்று. 1921இல் இலம்லி இராபின்சன் என்னும் ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி, இரப்பர்க் குழலைக் குழாயோடு இறுக்கிப் பிணைக்கும் உலோகப் பட்டைக்குக் காப்புரிமை பெற்றார். 'ஜூபிலி கிளிப்' என அது பெயர் பெற்றது. கார் இயந்திரத்திலும் தோட்டத்து நீர்க்குழலிலும் ஒன்றுபோலப் பயன்படும் அச்சிறு பொருளுக்குத் தனிப்பெயர் இருந்ததால், கடையில் எவரும் ஐயமின்றிக் கேட்டு வாங்க முடிந்தது. பெயர் தெளிவாக இருந்தால் வேலை தெளிவாக நடக்கும்.

வகுப்பறைக்கு ஒரு பயிற்சி

காப்புரிமை விண்ணப்பம் மூன்று செயல்களைக் கேட்கிறது. உறுப்பு ஒவ்வொன்றுக்கும் எண்ணும் பெயரும் தர வேண்டும். அவை இயங்கும் முறையை வரிசையாக விளக்க வேண்டும். இதில் புதியது எது என்பதை மிகையின்றிக் கூற வேண்டும். இதைவிடச் சிறந்த உரைநடைப் பயிற்சி வேறில்லை என்பேன்.

ஆசிரியர்கள் ஒரு பழைய திருகுக்குழாயை வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். மாணவர்கள் அதைப் பிரித்துப் பார்த்து வரைந்து எழுதட்டும்: 'கைப்பிடியைத் திருப்பும்போது மரையுள்ள தண்டு கீழிறங்குகிறது, தண்டின் அடியிலுள்ள வாஷர் நீர்வழியின் வாயில் அழுந்துகிறது, நீர் நிற்கிறது.' சொல் கிடைக்காத இடத்தில் கோடிட்டு விடட்டும். பிறகு அருகிலுள்ள பட்டறைக்குச் சென்று முதியவர் ஒருவரிடம் அப்பெயரைக் கேட்டு எழுதிவரட்டும். அவர் சொல்வது தமிழாயினும், மலாயாயினும், உருமாறிய ஆங்கிலமாயினும் முதலில் அப்படியே பதியுங்கள். திருத்துவதையும் புதிது ஆக்குவதையும் பின்னர்ச் செய்யலாம். மிதிவண்டிக் கடைகளும் பழைய பட்டறைகளும் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. நூலகத்தில் இல்லாத அகராதிகள் அங்கே அமர்ந்திருக்கின்றன.

தேர்வுத்தாளில் மட்டும் வாழும் கலைச்சொல்லும், பட்டறையில் மட்டும் வாழும் பேச்சுச்சொல்லும் ஒன்றையொன்று சந்திக்காவிட்டால், நம் பிள்ளைகள் இரண்டையும் விட்டு வேறு மொழிக்குச் சென்றுவிடுவர். சந்திக்கச் செய்யும் பொறுப்பு நம்முடையது.

காப்புரிமைக்குக் காலவரம்பு உண்டு. அக்காலப் பிரிட்டனில் அது 14 ஆண்டுகள். 1919க்குப் பின் 16 ஆண்டுகள். டேவிஸ் உடன்பிறந்தோரின் உரிமை முடிந்து நூறாண்டு ஆகிறது. ஆனால் திருச்சிச் சாலையில் ஓர் ஓட்டுநர் அவர்களின் தெருப்பெயரை இன்றும் சொல்கிறார். ஏட்டில் எழுதிய உரிமை தீர்ந்தது. வாயில் வழங்கிய சொல் தீரவில்லை.

அன்று என்னைக் கேள்வி கேட்ட மாணவர் இப்போது ஆசிரியராகப் பணியாற்றுகிறார். அவர் தம் வகுப்பில் மாற்றுச் சக்கரத்தைச் 'சேமச்சக்கரம்' என்று எழுதுகிறாராம். பேச்சில் ஸ்பேர் டயர் என்கிறாராம். ஸ்டெப்னியின் கதையையும் சொல்கிறாராம். மூன்றும் வாழட்டும். வழியில் பழுது நேரும் என்று அஞ்சிக் கூடுதல் அச்சைக் கட்டிச் சென்றவர்களின் மரபினர் நாம். சொல்லிலும் சேமம் வைத்திருப்போம்.