ஓரக் குழிகள்



பல்லாங்குழிப் பலகையில் பதினான்கு குழி. நான் இன்று சொல்லவரும் பிளாஸ்டிக் தட்டு உள்ளங்கையைவிடச் சற்றே பெரியது. அதில் 384 குழிகள். மொத்தம் 16 வரிசை, வரிசைக்கு 24. எல்லாக் குழிகளிலும் மனித உயிரணுக்களை வளர்த்து, பெரும்பாலானவற்றில் குழிக்கொரு வேதிப்பொருளைச் சொட்டுவார்கள். சில குழிகளுக்கு வெறும் கரைப்பான் மட்டும். பிறகு ஆறு சாயங்களால் உட்கரு, மைட்டோகாண்ட்ரியா முதலிய உள்ளுறுப்புகளுக்கு நிறமேற்றிப் படம் எடுப்பார்கள். செல் பெயின்டிங் என்று இதற்குப் பெயர். எந்தப் பொருள் உயிரணுவின் உருவத்தை எப்படி மாற்றுகிறது என்று பார்க்கும் வழி.

குழிக்கு ஒன்பது இடங்களில், இடத்துக்கு ஐந்து நிற அலைவரிசைகளில் எடுத்தால், ஒரே தட்டுக்கு 17,280 படங்கள். படம் 2 மெகாபைட் என்றாலும் ஏறத்தாழ 35 ஜிபி. யார் உட்கார்ந்து பார்ப்பது? அமெரிக்காவில் உயிரியலாளர் ஆன் கார்ப்பென்டரும் கணினித் துறையைச் சேர்ந்த தூயிஸ் ஜோன்ஸும் சேர்ந்து, உயிரணுப் படங்களைக் கணினியே அளப்பதற்காக, செல்புரொஃபைலர் என்ற மென்பொருளை உருவாக்கினார்கள். 2006இல் அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை வந்தது. இன்றும் இலவசம். ஒவ்வோர் உயிரணுவுக்கும் எல்லை வரைந்து, பரப்பு, வடிவம், ஒளிர்வு என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட அளவுகளை எடுத்துத் தரும்.

அளந்ததை அப்படியே நம்பிவிடலாமா? தட்டின் ஓரத்தைப் பாருங்கள். 384இல் 76 குழிகள் விளிம்பில் இருக்கின்றன. ஐந்தில் ஒரு பங்கு. அங்கே நீர் சீக்கிரம் ஆவியாகும், உப்பு செறியும், உயிரணு வாடும். பாவம், மருந்தின் மேல் பழி விழும். அதனால்தான் கரைப்பான் மட்டுமுள்ள குழிகளைத் தட்டில் பரவலாக வைத்து, அந்தந்தத் தட்டின் அளவுகளை அதே தட்டின் அந்தக் குழிகளோடு ஒப்பிடுகிறார்கள். நாள் மாறினாலும் சாயப் புட்டி மாறினாலும் எண்கள் நகரும் என்பதால்தான் அதே தட்டு.

என்னை மிகவும் கவலைப்பட வைப்பது வேறொன்று. படக் கோப்பின் பெயரில் குழி எண் இருக்கும். குழியில் என்ன மருந்து என்பது இன்னொரு பட்டியலில் இருக்கும். தட்டைத் தலைமாற்றி வைத்துவிட்டால் முதல் குழி கடைசிக் குழியாகிவிடும். அளவுகள் அத்தனையும் சரி, பெயர்கள் அத்தனையும் தப்பு. பல தட்டுகளில் மூலையைச் செதுக்கி வைத்திருப்பது திசை தெரியத்தான். பட்டைக்குறியும் ஒட்டுவார்கள். படங்களையும் இந்த விவரங்களையும் பிரியாமல் சேர்த்து வைக்க, ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட குழு ஓமெரோ என்ற மென்பொருளை உருவாக்கியிருக்கிறது.

இப்படிப் பத்திரமாக வைத்ததால் என்ன கிடைக்கும்? 2018இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஸ்டீராய்டு ஹார்மோன் ஏற்பி ஒன்றைப் பற்றி அறிய என்றோ எடுத்த படங்களைக் கணினியிடம் கொடுத்தார்கள். அந்த ஏற்பிக்குச் சம்பந்தமே இல்லாத வேறு சோதனைகளில் எந்த வேதிப்பொருள் வேலை செய்யும் என்று அந்தப் பழைய படங்களைக் கொண்டே அது முன்கூட்டிச் சொன்னது.