மின்பலகை ஒன்றும் எங்கள் ஓமின் விதியும்



அண்மைக் காலமாகப் பெற்றோர் பலர் என்னிடம் ஒரே விடயத்தைக் கேட்கிறார்கள். "மகளுக்குப் பள்ளிக்கூடத்திலை ஆர்டுயினோ எண்டு ஏதோ காட்டினவையாம். வேண்டித் தரச் சொல்லி நிக்கிறாள். அது என்ன சாமான்? எங்களுக்கு அது விளங்குமோ?" இதில் இருப்பது இரண்டு கேள்விகள். இரண்டாவதுக்கு முதலில் பதில் சொல்லி விடுகிறேன். விளங்கும். ஊரில் தமிழில் விஞ்ஞானம் படித்தவர்களுக்கு நன்றாகவே விளங்கும்.

ஆர்டுயினோ ஊனோ என்பது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு மின்பலகை. ஏறத்தாழ 7 சென்ரிமீற்றர் நீளம், 5 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூடிய அகலம். அதன் மேல் கறுப்பாக இருக்கும் சில்லுத்தான் மைக்ரோகொன்ட்ரோலர். அதுவும் ஒரு கணினிதான், ஆனால் திரை இல்லை, விசைப்பலகை இல்லை. நாங்கள் எழுதி அனுப்பும் ஒரேயொரு வேலையை, மின்சாரம் இருக்கும் வரை திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கும். உங்கள் சலவை இயந்திரத்துக்குள்ளும் மைக்ரோவேவ் அடுப்புக்குள்ளும் இதன் உறவினர்கள் இருக்கிறார்கள். பலராலும் அதிகம் வாங்கப்பட்ட ஊனோ பலகையின் நினைவகம் வெறும் 32 கிலோபைற். கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு படத்தின் நூறில் ஒரு பங்கைத்தான் அதற்குள் வைக்கலாம். ஆனாலும் ஒரு மின்குமிழை அணைத்து எரிக்கவும், வெப்பநிலையை அளக்கவும், சிறு மோட்டரைச் சுழற்றவும் அது தாராளமாகப் போதும்.

இது 2005இல் இத்தாலியின் இவ்றேயா என்ற சிறு நகரத்தில், மின்னியல் படிக்காத வடிவமைப்பு மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்டது. அதற்கு முன்பே அங்கு படித்த கொலம்பிய நாட்டு மாணவர் ஒருவர் செய்த வேலையின் மேல்தான் இதைக் கட்டினார்கள். அவர் பெயர் ஏர்னாண்டோ பரகான். இதைப் பலர் சொல்லாமல் விடுவதால் சொல்லி வைக்கிறேன். ஊனோ பலகை 2010இல் வந்தது. அதன் வரைபடத்தை எவரும் எடுத்துச் செய்யலாம் என்று வெளியிட்டிருப்பதால், மூலப் பலகையை விட மிக மலிவான பிரதிகள் சந்தையில் உண்டு. அவை களவுப் பொருட்கள் அல்ல. தொடங்குகிற பிள்ளைக்கு அதுவே காணும். எல்லாம் சேர்ந்த பெட்டி வாங்குவதானால், எத்தனை விதமான உணரிகள் இருக்கின்றன என்று பார்த்து மயங்க வேண்டாம். பலகை, யூஎஸ்பி வயர், பிரெட்போர்ட், கொஞ்ச வயர், ஒளிகாலும் இருவாயிகள் பத்து, 220 ஓம் தடையிகள் பத்து. முதல் மாதத்துக்கு வேறொன்றும் தேவையில்லை.

கணினியில் ஆர்டுயினோ செயலியை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதில் பிளிங்க் என்ற மாதிரி நிரல் ஏற்கெனவே இருக்கிறது. பலகையின் வகையையும், அது எந்தத் துறையில் இணைந்திருக்கிறது என்பதையும் தெரிவுசெய்து அனுப்பினால், பலகையிலேயே இருக்கும் சிறிய விளக்கு ஒரு செக்கன் எரிந்து ஒரு செக்கன் அணையும். நிரலில் 1000 என்று இருப்பதை 200 ஆக மாற்றி மறுபடி அனுப்புங்கள், வேகமாகச் சிமிட்டும். அது மில்லிசெக்கன் கணக்கு. கணினி பலகையைக் கண்டுபிடிக்கவில்லை என்றால் முதலில் வயரைச் சந்தேகியுங்கள். தொலைபேசியோடு வரும் சில வயர்கள் மின்னை மட்டும் கடத்தும், தரவைக் கடத்தாது. பலகையில் வெளிச்சம் வரும், கணினிக்கோ அது தெரியாது. பாதிப் பிள்ளைகள் இந்த இடத்தில்தான் வெறுத்துப்போய்ப் பெட்டியை மூடி வைக்கிறார்கள். பிரதிப் பலகைகள் சிலவற்றுக்கு சிஎச்340 என்ற சில்லுக்கான மென்பொருளையும் கணினியில் போட வேண்டி வரும்.

அடுத்தது, வெளியே ஒரு விளக்கைப் பூட்டுவது. ஊரில் படித்தவர்கள் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு வரவேண்டிய இடம் இது. பிள்ளை எல்ஈடி என்று சொல்வதுதான் எங்கள் பாடப்புத்தகத்தின் ஒளிகாலும் இருவாயி. அது ஒரு பக்கமாகத்தான் மின்னை விடும், நீளமான கால் நேர்ப்பக்கம். பலகை தருவது 5 வோல்ற்று. சிவப்பு விளக்கு அதில் ஏறக்குறைய 2 வோல்ற்றை எடுத்துக்கொள்ளும். மிச்சம் 3. அதை 220 ஓமால் பிரித்தால் ஏறக்குறைய 14 மில்லி அம்பியர். பலகையின் ஒரு துளையிலிருந்து 20 மில்லி அம்பியருக்கு மேல் எடுக்காமலிருப்பது நல்லது, ஆகவே கணக்குச் சரி. தடையி இல்லாமல் பூட்டினால் விளக்கும் போகலாம், பலகையும் போகலாம். இது ஓமின் விதி. பத்தாம் வகுப்பில் கரும்பலகையைப் பார்த்து நாங்கள் எழுதியது.

எனக்குத் தெரிந்த தகப்பன் ஒருவர் இங்கே ரொறொன்ரோவில் இரவு வேலை செய்கிறார். ஊரில் றேடியோ திருத்தியவர். வந்து இருபது வருடத்துக்கு மேலாகியும் அந்தக் கதையை மகளுக்குச் சொன்னதில்லை, சொல்ல ஒரு சந்தர்ப்பமும் வரவில்லை. ஒருநாள் மகள் பிரெட்போர்ட்டில் விளக்கை மாறிப் பூட்டிவிட்டு நிரலில் பிழை தேடிக்கொண்டிருந்தாள். வேலைக்குப் போக வெளிக்கிட்டு நின்றவர், குனிந்து காலைத் திருப்பிக் குத்தினார். விளக்கு எரிந்தது.

"அப்பா, இது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"இருவாயி பிள்ளை. உதிலை நாலைக் கட்டித்தானே நாங்கள் றேடியோ கேட்டனாங்கள்."

அந்த நாலு இருவாயியின் கதை நேயர்கள் பலருக்குத் தெரிந்ததுதான். 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, மற்றவர்கள் சுற்றிவர இருந்து தமிழோசையும் வெரித்தாசும் கேட்டார்கள். சைக்கிள் டைனமோ தருவது 6 வோல்ற்று ஆடலோட்டம், றேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம். நாலு இருவாயிகளைப் பாலமாகக் கட்டி ஒரு கொள்ளளவியையும் போட்டால் இரைச்சல் குறைந்து குரல் தெளியும். மகளுடைய பெட்டிக்குள்ளும் அதே இருவாயிகள் கிடந்தன. அன்று அவர் வேலைக்குப் பிந்தித்தான் போனார்.

இப்போது இருவரும் செய்துகொண்டிருப்பது கறிவேப்பிலைக் கன்றுக்கு ஒரு காவல்காரன். மாரியில் வீட்டுக்குள் வைக்கும் கன்றுக்கு அன்பு மிகுதியால் ஆளாளுக்குத் தண்ணீர் ஊற்றி வேரை அழுகப்பண்ணி விடுகிறோம். மண்ணின் ஈரத்தை அறியும் உணரி ஒன்றைச் சாடிக்குள் குத்தினால், பலகை அதை 0 முதல் 1023 வரையான ஓர் எண்ணாகச் சொல்லும். மண் காய்ந்தால் விளக்கு எரியும், அப்போது மட்டும் ஊற்றினால் போதும். இரண்டு உலோகக் கால்கள் வெளியே தெரியும் மலிவு உணரி ஈரத்தில் மின்பகுப்பால் சீக்கிரம் அரித்துப் போகும். கொள்ளளவி முறையில் வேலை செய்வதை வாங்குங்கள், அதில் உலோகம் மண்ணைத் தொடாது. முதலில் அதை வெறும் காற்றில் வைத்து வரும் எண்ணையும், அடையாளக் கோடு வரை தண்ணீரில் வைத்து வரும் எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த இரண்டுக்கும் இடையில், உங்கள் சாடி மண் விரலுக்குக் காய்ந்ததாகத் தெரியும் நேரத்து எண் எதுவோ, அதுதான் எல்லை. அந்த விரலுக்குச் சொந்தக்காரி அந்த வீட்டில் அம்மா. அவர் சொன்ன எண்ணைத்தான் மகள் எழுதினாள்.

அவளுடைய நிரலை எனக்குக் காட்டினார்கள். ஈரத்தின் அளவுக்கு அவள் வைத்த பெயர் 'தண்ணி'. எழுத்து ஆங்கிலம், சொல் எங்களுடையது. நிரலில் இரண்டு சாய்கோடு போட்டு அதற்குப் பிறகு எழுதுவதை இயந்திரம் வாசிக்காது, அந்த இடத்தில் தமிழ் எழுத்திலேயே குறிப்பு எழுதலாம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் வீட்டுப்பாடத்துக்கு முகம் சுளிக்கும் பிள்ளை, தகப்பன் சொல்லச்சொல்ல அங்கே 'தடையி', 'கொள்ளளவி' என்று எழுதி வைத்திருக்கிறாள். எழுத்துப்பிழை இருக்கிறது. நான் திருத்தவில்லை.

ஒரு விடயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். சுவரில் வரும் 120 வோல்ற்றைப் பலகையோடு தொடுக்கும் எந்த வேலையும் பிள்ளைக்கு உரியதல்ல, றேடியோ திருத்திய தகப்பன் பக்கத்தில் இருந்தாலும் வேண்டாம். கணினியின் யூஎஸ்பியும் சிறு பற்றரியும் போதும்.

கறிவேப்பிலைக் கன்றை வீட்டுக்குள் எடுப்பது பெரும்பாலும் புரட்டாதியில். அதற்கு ஒரு மாதம் முன்னரே பலகையை வாங்கி விளக்கைச் சிமிட்டப் பழகிவிட்டால், பனி கொட்டத் தொடங்க முன் காவல்காரன் சாடிக்குப் பக்கத்தில் நிற்பான்.