தடையும் திறனும்

(சோலையார்பேட்டையில் மாணவர்க்கு ஆற்றிய உரை)



மின்னியற் கணக்கில் தமிழாசிரியனுக்கு என்ன வேலை என்று உங்களிற் சிலர் எண்ணலாம். வேலை உண்டு. எந்தக் கணக்கும் சொல்லில்தான் தொடங்குகிறது. சொல் விளங்காதவனுக்கு வாய்பாடு வெறும் எழுத்துக்கூட்டம். சொல் விளங்கியவனுக்கு அது கைக்கருவி.

மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை என்னும் மூன்று சொற்களை எண்ணிப் பாருங்கள். மேல்நிலைத் தொட்டியின் உயரம் நீரை அழுத்துகிறது. குழாயில் நீர் ஓடுகிறது. குழாய் குறுகினால் ஓட்டம் தடைப்படுகிறது. அழுத்தம், ஓட்டம், தடை! பள்ளிக்கே செல்லாத பாட்டிக்கும் இவை விளங்கும். மின் என்பதை முன்னே சேர்த்தோம், அறிவியல் பிறந்துவிட்டது.

இம் மூன்றையும் ஒரு நெறியில் பிணைத்தவர் செருமானியரான சியார்ச்சு சைமன் ஓம். பூட்டுத் தொழிலாளியின் மகன். கொலோன் நகரில் பள்ளியாசிரியராக இருந்தவர். 1827-ஆம் ஆண்டில் தம் ஆய்வைத் தம் தாய்மொழியாகிய செருமானியத்திலேயே நூலாக வெளியிட்டார். அதற்காக உலகம் அவரை ஒதுக்கிவிட்டதா? இல்லை. 1841-இல் இலண்டன் அரசக் கழகம் தன் கோப்பிளிப் பதக்கத்தை அவருக்கு அளித்தது. தாய்மொழியில் எழுதினால் அறிவியல் வளராது என்போர் இதற்கு என்ன விடை கூறுவர்?

அந் நெறி எளியது. அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் தடை. அழுத்தத்தை ஓட்டத்தால் பெருக்கினால் திறன். தடையை ஓம் என்றும், திறனை வாட்டு என்றும் அளக்கிறோம். வோல்ட்டும் ஆம்பியரும் வாட்டும் அறிஞர் பெயரால் அமைந்த அளவுகள். ஆட்பெயரை மொழிபெயர்க்க வேண்டுவதில்லை; நம் எழுத்தில் எழுதினால் போதும்.

உங்கள் வீட்டுத் தேய்ப்புப்பெட்டி 230 வோல்ட்டில் 4 ஆம்பியர் இழுப்பதாகக் கொள்ளுங்கள். 230-ஐ 4-ஆல் வகுத்தால் 57.5 ஓம், அது தடை. பெருக்கினால் 920 வாட்டு, அது திறன். 1,000 வாட்டுத் திறன் ஒருமணி நேரம் செலவானால் ஓர் அலகு. எனவே அப் பெட்டி இடைவிடாது ஒருமணி சூடேறினால் 0.92 அலகு செலவாகும். வெப்பந்தரும் கருவிகளுக்கு இக் கணக்கு அப்படியே பொருந்தும். கம்பிச்சுருள் கொண்ட விசிறிக்கும் நீரெக்கிக்கும் வேறொரு கூறும் சேர்வதால், அவற்றுக்கு இதுமட்டும் போதாது.

இனி நம் ஊர்ச் சந்திப்புக்கு வாருங்கள். இருப்புவழிக்கு மேலே செல்லும் கம்பியில் 25,000 வோல்ட்டு அழுத்தம் உள்ளது. ஏன் அவ்வளவு? 45 இலக்கம் வாட்டு இழுக்கும் ஒரு பொறியை எண்ணுங்கள். 25,000 வோல்ட்டில் அதற்கு 180 ஆம்பியர் போதும். வீட்டு மின்னழுத்தமாகிய 230 வோல்ட்டிலோ, ஏறத்தாழ 19,565 ஆம்பியர் வேண்டும். அஃதாவது 109 மடங்கு! கம்பியில் வெப்பமாக வீணாகும் திறன், ஓட்டத்தின் இருமடிக்கேற்ப உயரும். அதே கம்பியாயின் இழப்பு 11,800 மடங்காகிவிடும்; கம்பியே உருகிப்போம். அழுத்தத்தைக் கூட்டி ஓட்டத்தைக் குறைப்பதன் கரணியம் இதுவே. அக் கம்பியை அணுகுதலும் பெருங்கேடு. நின்றிருக்கும் பெட்டியின் மேல் விளையாட்டாகவும் ஏறாதீர்கள்.

இன்னும் ஒரு கணக்கு. இதற்காகவே நான் வந்தேன். வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை என நீளும் இப் பகுதியில் தோல் பதனிட்டு வாழும் குடும்பங்கள் பல. உங்களுள் சிலருடைய தந்தையரும் அன்னையரும் அத் தொழிலில் இருக்கலாம். அங்கே தரையும் ஈரம், கையிலோ உப்புநீர். உலர்ந்த தோல் பல்லாயிரம் ஓம் தடை தரக்கூடும். ஈரமும் உப்பும் சேர்ந்தால் உடலின் தடை 1,000 ஓம் அளவிற்குத் தாழ்ந்துவிடும். 230-ஐ 1,000-ஆல் வகுத்துப் பாருங்கள்: 0.23 ஆம்பியர். உயிர்காப்பிற்காகப் பொருத்தப்படும் கசிவு துண்டிப்பான் 0.03 ஆம்பியரிலேயே மின்னை நிறுத்துமாறு அமைக்கப்படுகிறது. அவ் வரம்பைப்போல் ஏழு மடங்கிற்கும் மேற்பட்ட ஓட்டம், ஈரக்கை வழியே நெஞ்சைக் கடந்தால் என்னாகும்?

உலர்ந்த கையையும் நம்பிவிடாதீர்கள். கருவியைத் தொடுமுன் மின்னை நிறுத்துங்கள். நில இணைப்பு உண்டா என்று கேளுங்கள். கசிவு துண்டிப்பான் உண்டா என்று கேளுங்கள். எச்சரிக்கைப் பலகை ஆங்கிலத்தில் மட்டும் தொங்கினால், தமிழிலும் எழுதுங்கள் என்று உரிமையோடு கேளுங்கள். படிக்கத் தெரியாத மொழியில் எழுதிய எச்சரிக்கை, எழுதாத எச்சரிக்கையே.

இங்கிருந்து தெற்கே செல்லும் இருப்புவழியில் உள்ள சேலத்தில், 1916-ஆம் ஆண்டிலேயே அறிவியற் கலைச்சொற்களுக்கென ஒரு கழகம் தோன்றியது. நூறாண்டுக்கு மேலாக அறிஞர்கள் ஆக்கியும் திருத்தியும் தந்த சொற்கள் இன்று உங்கள் பள்ளி நூல்களில் இருக்கின்றன. சொல் இல்லை என்னும் சாக்கு இனிச் செல்லாது. அச் சொற்களை ஆளும் துணிவே வேண்டும்.

மாணவர்களே! இன்று வீட்டிற்குச் சென்று, கருவிகளில் பொறித்துள்ள வோல்ட்டையும் வாட்டையும் படித்துத் தாளில் எழுதுங்கள். அவை எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்று வகுத்துப் பாருங்கள். பிறகு பெற்றோரை அருகிலிருத்தி, ஈரக்கைக் கணக்கைத் தமிழில் விளக்குங்கள். அவர்களுக்கு அது விளங்குமாயின், நீங்கள் கற்ற கல்வி ஓர் உயிரைக் காக்கும்.